நியூயார்க் உடைத்த கண்ணாடி

தேர்தல் என்றதும் நம் மனக்கண் முன் ஒரு காட்சி தோன்றுகிறது. வீதியெல்லாம் தோரணம், சுவரெல்லாம் விளம்பரம், ஒலிபெருக்கியின் ஓயாத கூச்சல், சாவடி வாசலில் நீண்ட வரிசை. பிறகு ஒரு நாள் வோட்டுகளை எண்ணுகிறார்கள். யாருக்கு அதிக வோட்டோ அவர் கழுத்தில் மாலை விழுகிறது. தோற்றவருக்கு வோட்டுப் போட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்க வேண்டியதுதான். இதில் பிசகு ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. பந்தயத்தில் முதலில் ஓடிவந்த குதிரைக்குத்தானே பரிசு?

ஆனால் ஒரு சபையை அமைப்பது குதிரைப் பந்தயம் அல்லவே! ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் நூறு வோட்டர்கள். அறுபது பேர் ஒரு கட்சி, நாற்பது பேர் மற்றொரு கட்சி. ஊரைப் பத்து வார்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு வார்டிலும் ஆறு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம் என்று அமைந்துவிடுகிறது. விளைவு என்ன? பத்து ஸ்தானங்களும் அறுபது பேருக்கே போய்ச் சேருகின்றன. மற்ற நாற்பது பேருக்கு உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. ஒவ்வொரு வார்டிலும் நியாயம் நடந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் அநியாயம் நடந்திருக்கிறது!

இந்த விசித்திரக் கணக்கைத் திருத்திவிட ஒரு மகா நகரம் துணிந்தது. பத்தாண்டுக் காலம் அதில் வெற்றியும் கண்டது. பிறகு தன் கையாலேயே அந்த ஏற்பாட்டைக் கலைத்துப் போட்டது. அந்த நகரம் நியூயார்க். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் அரசியலை ஆட்டி வைத்த ஸ்தாபனத்துக்கு 'டாம்மனி ஹால்' என்று பெயர். டெமாக்ரடிக் கட்சியின் மன்ஹாட்டன் கிளை அது. கப்பலிலிருந்து துணி மூட்டையுடன் இறங்கும் ஏழை ஐரிஷ்காரனுக்கு டாம்மனியின் ஆள் வேலை வாங்கிக் கொடுப்பார். குளிர் காலத்தில் வீட்டுக்கு நிலக்கரி வந்து சேரும். பையன் போலீஸில் மாட்டிக் கொண்டால் ஜாமீனுக்கு ஆள் வரும். இந்தக் கடனெல்லாம் தேர்தல் நாளன்று வோட்டாகத் திரும்பி வந்துவிடும். பசித்த வேளையில் சோறு போட்டவனை யாரால் மறக்க முடியும்? அதைக் குற்றம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் சோறு போட்ட கை, ஊர்க் கஜானாவிலும் நுழைந்து விளையாடிற்று. அங்கேதான் வந்தது வினை.

1930ல் ஸாமுவேல் ஸீபரி என்ற முன்னாள் நீதிபதியின் தலைமையில் விசாரணை தொடங்கிற்று. அதில் வெளியான விஷயங்கள் துப்பறியும் நாவல்களைத் தோற்கடித்தன. உதாரணத்துக்கு ஒன்று. தாமஸ் பார்லி என்பவர் நியூயார்க் கவுண்டியின் ஷெரீப். அவருடைய பாங்குக் கணக்கில் சில ஆண்டுகளில் மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. அவர் வாங்கிய சம்பளத்தை ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்திருந்தாலும் அவ்வளவு தேறாது. பணம் எங்கிருந்து வந்தது என்று ஸீபரி கேட்டார். வீட்டில் உள்ள ஒரு தகரப் பெட்டியிலிருந்து எடுத்ததாகப் பார்லி சாட்சியம் சொன்னார். எடுக்க எடுக்கக் குறையாத பெட்டி! நம் மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி பசித்தவர்களுக்குச் சோறு கொடுத்தது. பார்லியின் அமுதசுரபியோ பார்லிக்கு மட்டுமே கொடுத்தது. அப்போது நியூயார்க் மாகாண கவர்னராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி மேயர் ஜிம்மி வாக்கரும் ராஜினாமாச் செய்தார். இளமையில் காதல் பாட்டு எழுதிப் புகழ் பெற்றவர் அவர். உடையில் கொஞ்சம் மடிப்புக் கலைந்தாலும் சகிக்காதவர். விசாரணையின் சூடு தாங்காமல் பதவியை உதறிவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1933ல் நடந்த தேர்தலில் டாம்மனியின் பரம விரோதியான பியரல்லோ லாகார்டியா மேயரானார்.

இனிமேல் எல்லாம் சுகம் என்று நினைத்தார்கள், நல்லவர்கள். ஆனால் சட்டசபை மாதிரி நகரத்துக்கு ஒரு சபை இருந்ததே, அது அப்படியே இருந்தது. 'ஆல்டர்மென்' என்ற 65 அங்கத்தினர்கள், 65 வார்டுகள். 1935ம் ஆண்டுத் தேர்தலில் டெமாக்ரடிக் கட்சிக்குக் கிடைத்த வோட்டு மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கிடைத்த ஸ்தானங்களோ 65ல் 62! மற்ற மூன்றில் ஒரு பங்கு ஜனங்களுக்கு மூன்றே மூன்று நாற்காலிகள். நாம் மேலே போட்ட சின்னக் கணக்கு, எழுபது லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் உயிரும் சதையுமாக நின்றது.

தாச்சர் என்ற சட்ட நிபுணரின் தலைமையில் நகரத்துக்குப் புதிய சாசனம் எழுத ஒரு கமிஷன் அமைந்தது. அதில் ஜெனிவீவ் ஏர்ல் என்ற பெண்மணியும் ஓர் அங்கத்தினர். பழைய ஆல்டர்மென் சபையை ஒழித்துவிட்டு நகர கவுன்சில் என்ற புதிய சபையை அமைக்கச் சாசனம் வழி செய்தது. அந்தச் சபைக்கு எந்த முறையில் தேர்தல் நடத்துவது என்பதை ஒரு தனிக் கேள்வியாக ஜனங்களிடமே விட்டார்கள். 1936 நவம்பரில் ஜனங்கள் பதில் சொன்னார்கள்: "வரிசைப்படி எண் போட்டு வோட்டுக் கொடுக்கிறோம்" என்று. ஒன்பது லட்சம் பேருக்கு மேல் ஆதரவு. ஐந்தரை லட்சம் பேர் எதிர்ப்பு.

அதென்ன எண் போடும் வோட்டு?

வோட்டுச் சீட்டில் அபேட்சகர்களின் பெயர்கள் இருக்கும். மிகவும் பிடித்தவருக்கு நேரே 1 என்று எழுத வேண்டும். அவருக்கு அடுத்தபடியாகப் பிடித்தவருக்கு 2. பிறகு 3, 4 என்று விருப்பம் உள்ள மட்டும் எழுதிக் கொண்டே போகலாம். நியூயார்க் ஐந்து 'பரோ'க்களாகப் பிரிந்திருக்கிறது. மன்ஹாட்டன், புரூக்ளின், பிராங்க்ஸ், குவீன்ஸ், ரிச்மாண்ட் என்று அப்போது பெயர். ஒவ்வொரு பரோவும் ஒரே தொகுதி. அங்கே 75,000 வோட்டுக்கு ஓர் அங்கத்தினர் என்று விதி செய்தார்கள். ஓர் அபேட்சகர் 75,000 வோட்டை எட்டியதும் அவருக்கு ஸ்தானம் உறுதி. அதற்கு மேல் அவருக்கு வோட்டு எதற்கு? அந்தச் சீட்டுகள் அவற்றில் 2 என்று குறித்திருப்பவருக்குப் போய்விடும். எல்லாருக்கும் குறைவாக வாங்கியவரை விலக்கி, அவருடைய சீட்டுகளையும் அவ்விதமே அடுத்தவருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்படி விலக்கி விலக்கி, ஸ்தானங்கள் நிரம்பும் வரையில் எண்ணுவார்கள். வோட்டு வீணாவது மிகக் குறைவு. இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜனங்கள் சோம்பல்பட்டு வோட்டுப் போடாமல் இருந்துவிட்டால் சபையில் நாற்காலிகளே குறைந்து போகும். 1937ல் 26 அங்கத்தினர்கள் இருந்த சபையில், யுத்த காலமான 1943ல் 17 பேர்தான் இருந்தார்கள்.

இது ஏதோ அந்நிய தேசத்து அதிசயம் என்று எண்ணிவிட வேண்டாம். நமது ராஜ்ய சபைக்கு எம்.எல்.ஏ.க்கள் அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுப்பது இந்த முறையில்தான். ஜனாதிபதித் தேர்தலும் இப்படியேதான் நடக்கிறது. 1969ல் வி. வி. கிரிக்கும் சஞ்சீவ ரெட்டிக்கும் நடந்த போட்டியில், முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515 வோட்டுகள். ஜயிக்க வேண்டுமானால் 4,18,169 வேண்டும். மற்றவர்களை விலக்கி, இரண்டாவது விருப்பங்களைக் கூட்டிய பிறகுதான் 4,20,077 என்று வந்து கிரி ஜனாதிபதியானார். இரண்டு என்ற எண் குடியரசின் தலைவரைத் தீர்மானித்தது! ஆனால் அங்கே வோட்டுப் போட்டவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். நியூயார்க்கில் எண் போட்டவர்கள் மீன்காரர்களும் தையற்காரர்களும் வீட்டு வேலைக்காரிகளும்.

1937 நவம்பரில் முதல் தேர்தல் நடந்தது. நியூயார்க்கில் அப்போதே வோட்டுப் போட இயந்திரம் இருந்தது. ஆனால் இந்த வோட்டை இயந்திரத்தில் போட முடியாது. காகிதச் சீட்டும் பென்சிலும் வேண்டியிருந்தன. ராணுவப் பயிற்சிக் கூடங்களில் நீண்ட மேஜைகளைப் போட்டு, சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, கையாலேயே எண்ணினார்கள். ஒருவர் விலக்கப்பட்டால் அவருடைய கட்டைப் பிரித்து மற்றக் கட்டுகளில் சேர்க்க வேண்டும். பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். புரூக்ளினில் எண்ணி முடிக்க வாரக் கணக்காயிற்று. எண்ணுகிறவர்களுக்குக் கை ஓய்ந்தது. பத்திரிகைகளுக்குப் பொறுமை ஓய்ந்தது. "இதைவிடச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாமே!" என்று சொல்லத் தோன்றும் அல்லவா? ஆனால் முடிவு வெளியானபோது, காத்திருந்தது வீண் இல்லை என்பது தெரிந்தது.

26 ஸ்தானங்களில் டெமாக்ரடிக் கட்சிக்கு 13. முன்பு 65ல் 62 என்று இருந்தது, சரி பாதியில் வந்து நின்றது! மீதி 13ல் தொழிலாளர் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், ரிபப்ளிகன்கள் இருந்தார்கள், லாகார்டியாவின் கூட்டணியினர் இருந்தார்கள், டாம்மனிக்கு அடங்காத டெமாக்ரட்டுகளும் இருந்தார்கள். மைக்கேல் குவில் என்ற ஐரிஷ்காரர், ரயில் தொழிலாளர் சங்கத் தலைவர், பிராங்க்ஸிலிருந்து வந்தார். ஜெனிவீவ் ஏர்ல் அம்மையார் புரூக்ளினிலிருந்து வந்தார். அந்தச் சபைக்கு அவர் ஒருவர்தான் பெண்மணி. ஒரே சுருதியில் தலையாட்டிக் கொண்டிருந்த இடத்தில் வாதம் பிறந்தது, சண்டை பிறந்தது, சில சமயம் சிரிப்பும் பிறந்தது. சபை நடவடிக்கைகளை நகரத்து வானொலியில் ஒலிபரப்பினார்கள். ஜனங்கள் நாடகம் கேட்பதுபோல் கேட்டார்கள். கதை படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். எல்லாப் பாத்திரங்களும் ஒரே குரலில் பேசும் நாவலை யார் படிப்பார்கள்?

1941ம் ஆண்டுத் தேர்தல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஹார்லெம் என்பது மன்ஹாட்டனில் கறுப்பு மக்கள் நெருங்கி வாழும் பகுதி. பழைய சபையில் அந்தப் பகுதி வார்டுகளிலிருந்து கறுப்பு மக்கள் சிலர் வந்ததுண்டு. புதிய சபையிலோ முதல் நாலாண்டுகளில் ஒருவரும் இல்லை. அபிஸினியன் பாப்டிஸ்ட் கோயிலின் இளம் போதகர் ஆடம் கிளேட்டன் பவல் அவ்வாண்டு தேர்தலில் நின்றார். மன்ஹாட்டன் முழுவதும் ஒரே தொகுதி ஆகையால், ஹார்லெமின் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் அவருக்கு 1 என்று எழுதலாம். ஹார்லெமுக்கு வெளியே இருப்பவர்களும் எழுதலாம், எழுதினார்கள். பவல் ஜயித்தார். கறுப்பர் என்பதற்காக ஒரு மூலையில் ஒரு வார்டை ஒதுக்கி அவரை அனுப்பவில்லை. ஒரு பெரிய நகரத்தின் நடு மையத்திலிருந்து அவர் வந்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கக் காங்கிரஸுக்கும் போனார்.

அதே 1941ல் புரூக்ளினிலிருந்து பீட்டர் காக்கியோனி என்பவர் வந்தார். அவர் கம்யூனிஸ்டு. அதை அவர் மறைக்கவும் இல்லை. 1943ல் பவல் நிற்காத இடத்தில் பெஞ்சமின் டேவிஸ் நின்று ஜயித்தார். கறுப்பு இனத்தவர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர், அவரும் கம்யூனிஸ்டு. அன்று ஜெர்மனியை எதிர்த்து அமெரிக்காவும் ரஷ்யாவும் தோளோடு தோள் நின்று போராடிக் கொண்டிருந்தன. ஆகவே யாருக்கும் அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. 1945ல் இருவரும் மறுபடியும் ஜயித்தார்கள்.

அந்த 1945ம் வருஷத்துக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். டெமாக்ரடிக் கட்சிக்கு நூற்றுக்கு 59 வோட்டு. 23ல் 14 ஸ்தானம், அதாவது நூற்றுக்கு 61. கம்யூனிஸ்டுகளுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 9 வோட்டு. 23ல் 2 ஸ்தானம், அதுவும் நூற்றுக்கு 9. ரிபப்ளிகன், தொழிலாளர் கட்சி, லிபரல் ஆகிய மற்றக் கட்சிகளுக்கும் வோட்டு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவே ஸ்தானம். நகரத்தின் முகம் எப்படி இருந்ததோ அப்படியே கண்ணாடியில் தெரிந்தது. மச்சமும் தெரிந்தது, மருவும் தெரிந்தது.

கண்ணாடியின் தொல்லையே அதுதான்.

யுத்தம் முடிந்தது. நேற்றைய நண்பனான ரஷ்யா இன்றைய எதிரி ஆயிற்று. டாம்மனியும் அதன் தோழர்களும் இந்தத் தேர்தல் முறையை ஒழிக்க ஆரம்பத்திலிருந்தே பாடுபட்டவர்கள். 1938ல் முயன்று தோற்றார்கள். 1940ல் முயன்று தோற்றார்கள். அப்போதெல்லாம் "குழப்பமான முறை, தாமதமான முறை" என்று சொல்லிப் பார்த்தார்கள். எண்ணுவது தாமதம்தான், அதில் பொய் இல்லை. அபேட்சகர் பட்டியல் நீளம்தான். அதிலும் பொய் இல்லை. ஆனால் ஜனங்கள் அதையெல்லாம் பொறுத்துக் கொண்டார்கள். 1947ல் எதிரிகளின் கைக்கு வேறு ஓர் ஆயுதம் கிடைத்தது. "கம்யூனிஸ்டுகளை உள்ளே விட்டது எது? இந்த முறைதானே!" என்றார்கள். மாஸ்கோவிலிருந்து வந்த சரக்கு என்றுகூடச் சொன்னார்கள்.

உண்மையில் இந்த முறையை யோசித்துச் சொன்ன பெருமக்களில் முக்கியமானவர் தாமஸ் ஹேர் என்ற ஆங்கிலேய வக்கீல். 1850களில் அவர் இதைப் பற்றி எழுதினார். ஜான் ஸ்டூவர்ட் மில் அதைப் படித்துவிட்டுப் பரவசப்பட்டார். மாஸ்கோவில் அப்போது ஜார் சக்கரவர்த்தியின் கொடி பறந்து கொண்டிருந்தது. ஆனால் பயம் பிடித்துக் கொண்ட மனிதனிடம் தேதியும் வருஷமும் சொல்லி என்ன பயன்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

1947 நவம்பரில் மறுபடியும் ஜனங்களைக் கேட்டார்கள். முறையை ஒழிக்க ஒன்பது லட்சத்து முப்பத்தைந்து ஆயிரம் பேர். காப்பாற்ற ஐந்து லட்சத்து எண்பத்தாறு ஆயிரம் பேர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் கட்டியவர்களின் கூட்டமும் ஏறக்குறைய இவ்வளவேதான். இடித்தவர்களின் கூட்டமும் இவ்வளவேதான். அதே மாதத்தில் காக்கியோனி இறந்து போனார். அவருடைய ஸ்தானத்துக்கு அவர் கட்சி அனுப்பிய ஆளைச் சபை ஏற்கவில்லை; நாற்காலி காலியாகவே கிடந்தது. டேவிஸை அபாயகரமான கொள்கையைப் பிரசாரம் செய்ததாகக் குற்றம் சாட்டி 1949ல் தண்டித்தார்கள். சபையும் அவரை வெளியேற்றிற்று.

கம்யூனிஸ்டுகளின் கொள்கை நமக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம். அவர்களை வெளியேற்றுவதற்காக எதை வெளியேற்றினார்கள் என்பதல்லவா விஷயம்? 1949ல் பழையபடி வார்டு முறையில் தேர்தல் நடந்தது. டெமாக்ரடிக் கட்சிக்கு நூற்றுக்கு 53 வோட்டு. ஸ்தானம்? 25ல் 24! மற்றவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. அதில் ஸ்டான்லி ஐஸக்ஸ் என்ற ரிபப்ளிகன் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து வோட்டுப் போட்ட ரிபப்ளிகன் குடும்பஸ்தர்கள் எத்தனை ஆயிரம் பேரோ! இரண்டு கம்யூனிஸ்டுகள் போனார்கள். அவர்களுடன் கூடத் தங்கள் சொந்தப் பிரதிநிதிகளும் போய்விட்டார்கள் என்பதை இரண்டு வருஷம் கழித்துத்தான் கண்டார்கள். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

இது நியூயார்க்கோடு நின்றதா என்றால் இல்லை. ஓஹையோ மாகாணத்தில் சின்சினாட்டி நகரம் 1925 முதல் இதே முறையில் கவுன்சிலைத் தேர்ந்தெடுத்து வந்தது. நல்ல நிர்வாகம் என்று பெயரும் வாங்கிற்று. தியோடர் பெர்ரி என்ற கறுப்பு வக்கீல் அந்தச் சபைக்கு வந்து, துணை மேயராகவும் உயர்ந்தார். அடுத்தபடி மேயராகிவிடுவாரோ என்ற பயம் பிறந்தது. 1957ல் முறையையே ஒழித்துவிட்டார்கள். அங்கே மாஸ்கோ பூச்சாண்டி. இங்கே நிறப் பூச்சாண்டி. பூச்சாண்டியின் முகமூடிதான் வேறு. ஆனால் காலம் பொல்லாதது. 1972ல் அதே பெர்ரி அதே சின்சினாட்டிக்கு மேயரானார். மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரம் மட்டும் 1941ல் தொடங்கிய எண் வோட்டை விடாப்பிடியாகக் காப்பாற்றி வந்திருக்கிறது.

நியூயார்க்கும் எழுபது வருஷம் கழித்து, எண் எழுதும் பென்சிலை மறுபடி கையில் எடுத்தது. 2019ல் ஜனங்கள் பெருவாரியாக வோட்டுப் போட்டு, கட்சிக்குள் அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்களுக்கு வரிசை எண் முறையைக் கொண்டுவந்தார்கள். 2021ல் அப்படித் தேர்தல் நடந்தது. அதன் முடிவில் அமைந்த 51 பேர் கொண்ட கவுன்சிலில் 31 பேர் பெண்கள். பெண்கள் அங்கே பெரும்பான்மை ஆனது அதுவே முதல் தடவை. தெற்காசிய வம்சாவளியினர் இருவரும் முதல் தடவையாக உள்ளே வந்தார்கள். இந்தப் பலனுக்கெல்லாம் எண் முறை ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. மேலும் இது முழுக் கண்ணாடியும் அல்ல; ஒரு வார்டுக்கு ஒருவர்தான், பழைய பங்கீடு இதில் இல்லை. உடைந்த கண்ணாடியில் ஒரு துண்டைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவே.

ஜனநாயகத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் நம்முடைய வோட்டு உரிமையைப் பற்றியே பேசுகிறோம். அடுத்த வீட்டுக்காரனின் வோட்டு உரிமையைப் பற்றிப் பேசுவது அபூர்வம். அவனுக்குப் பிடித்தவர் நமக்குப் பிடிக்காதவராக இருக்கலாம். நாம் அஞ்சுகிறவராகக்கூட இருக்கலாம். அவரும் சபையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசட்டும், நாம் பதில் சொல்லிக் கொள்வோம் என்று இருப்பதற்குக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். நியூயார்க் மக்களுக்குப் பத்து வருஷம் அந்த நெஞ்சுரம் இருந்தது. பதினோராவது வருஷம் அது தளர்ந்தது. அந்த ஒரு நாள் தளர்ச்சியால் இழந்ததை, எழுபது ஆண்டுகள் கழித்து, அதுவும் அரைகுறையாகத்தான் மீட்க முடிந்தது.